மஞ்சள் வைத்த சேலை

ஒரு கடை. கதவு இல்லை, கல்லாப்பெட்டி இல்லை, வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. ஆனாலும் நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இணையத்தில் சேலை விற்கும் கடை. புதிர் இனிமேல்தான் வருகிறது.

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் கோகிலவாணி நடத்திய கடை அது. கொழுந்தன் மணிமாறன் வரவு செலவு பார்த்தான். நாத்தனார் தெய்வானை பார்சல் கட்டினாள். முகம் தெரியாத கடையில் யார் வாங்குவார்கள் என்ற பயத்தில், தொடங்கிய புதிதிலேயே கோகிலவாணி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள்: "பிடிக்கலையா? திருப்பி அனுப்புங்க. காரணம் கேட்காம முழுப் பணமும் தருவோம்."

வாக்கைப் பார்த்துக் கூட்டம் குவிந்தது. விற்பனை ஏறியது, லாபம் மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முகூர்த்த மாதங்களில் போன சேலைகளில் பாதி, புகுந்த வீடு பிடிக்காத பெண் மாதிரி திரும்பி வந்து நின்றன.

கோயம்புத்தூர்ப் பெரிய கம்பெனி ஒன்று கடையைப் பேரோடு விலைக்குக் கேட்டது. பொங்கலுக்குள் லாபம் வராவிட்டால் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். கோகிலவாணி மட்டும் தலையாட்டவில்லை. "பெத்த பிள்ளைக்குக் காய்ச்சல்னா பக்கத்து வீட்டுக்குத் தத்துக் கொடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தப் பார்சல் வந்தது. கறுப்புக் கரை போட்ட அரக்குச் சேலை. பிரித்தால், முந்தானை ஓரத்தில் மஞ்சள். புதுத்துணி உடுத்துமுன் நம் வீடுகளில் ஓரத்தில் தொட்டு வைக்கிறோமே, அதே மஞ்சள்.

நேரம் பார்த்து, சேலை வாங்கிய பெண்ணே ஃபோனில் வந்தாள்.

"பணம் எப்பங்க வரும்? நான் கட்டவே இல்லீங்க. மஞ்சள்தான் வச்சேன். கறுப்புக் கரை ஆகாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க."

தெய்வானை சேலையை உதறினாள். மடிப்பிலிருந்து வாடிய மல்லிகைச் சரம் ஒன்று விழுந்தது.

"பூவையும் மாமியார்தான் உள்ள வச்சு மடிச்சாங்களா?" என்றாள்.

ஃபோன் கட் ஆனது.

"ஒத்தைப் பைசா கொடுக்காதீங்க அண்ணி. மஞ்சள் வச்சாச்சுன்னா அது அவ சேலை. இப்பவே திருப்பி அனுப்பறேன்," என்றாள் தெய்வானை.

மணிமாறன் குறுக்கே வந்தான். "சண்டை போட்டா நாளைக்கே நம்மளைத் திட்டி வீடியோ போடுவா. பணத்தைக் கொடுத்துடலாம் அண்ணி. சேலையை அலசி வெயில்ல போட்டா மஞ்சள் ஓடிரும். இஸ்திரி போட்டுப் புதுசுன்னே வித்துடலாம். இப்படி வந்ததையெல்லாம் வித்தா பொங்கலுக்குள்ள லாபந்தான்."

கோகிலவாணி இருவர் பேச்சையும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு முழுப் பணத்தையும் அனுப்பினாள். மஞ்சளோடு திரும்பிய சேலைகளையெல்லாம் 'ஒருமுறை உடுத்தியது' என்று வெளிப்படையாகச் சொல்லிப் பாதி விலைக்குப் போட்டாள். அன்றைக்கே கடையின் வாக்கையும் மாற்றினாள்: "இனி வாங்குகிறவர்களுக்கு: மஞ்சள் வைக்கும்வரை சேலை எங்களுடையது. வைத்துவிட்டால் உங்களுடையது."

"பாதி விலைக்கா! கடையையே மூடப் போறீங்க அண்ணி," என்றான் மணிமாறன்.

"மூடினா நான் மூடினதா இருக்கட்டும். அந்தக் கம்பெனிக்காரங்க வந்து மூட வேண்டாம்."

மூவருக்குமே கடை பிழைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. கேட்டுக்கொண்டிருப்பவர்களே, சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: தெய்வானையின் கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் காரணம் கேட்க மாட்டோம் என்று சொன்ன கடை, மல்லிகைச் சரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. மணிமாறன் சொன்னபடி நடந்தால், பொய் சொன்னவளால் வந்த நட்டம் கடைக்கு இல்லை, வேறொருவர் தலையில் விழும். ஒன்றும் அறியாத இன்னொருத்தி, யாரோ கட்டி அவிழ்த்த சேலைக்குப் புதிதென்று நம்பி மஞ்சள் வைப்பாள். ஆகவே கோகிலவாணி செய்ததே நியாயம். யோசிக்காமல் வாக்குக் கொடுத்தது அவள். நட்டத்தையும் அவளே ஏற்றாள். புது வாக்கையும் ஏமாற்றலாமே என்பீர்கள். மாமியார் பேரில் பொய் சொல்ல வருகிற நம் பெண்களுக்கு, மஞ்சள் வைக்காமல் புதுச்சேலை கட்ட மட்டும் மனசு வராது. திரும்பி வருகிற சேலைகள் குறைந்தன. பொங்கலுக்கு லாபம் வந்தது, உள்ளங்கைக்குள் அடங்குகிற லாபம். கம்பெனிக்காரர், "இவ்வளவுதானா?" என்று சிரித்தார். "இவ்வளவும் எங்களுதுங்க," என்றாள் கோகிலவாணி.