பதினோரு டிக்கெட்

"அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, அம்மா?"

இசக்கிமுத்து உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த ரயில்வே கடிதம் கசங்கியிருந்தது.

மடத்துத் துறவி ஆவுடையம்மை தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் மனம் கொதிக்கும்போதெல்லாம் அவர் தேடி வருவது அவளைத்தான்.

கடிதத்தை வாசித்தார். ஆலடிப்பாறை நிறுத்தத்தில் பயணிகளின் தேவை மூன்றாண்டுகளாகச் சரிந்து வருகிறது. வருவாய், வண்டியை நிறுத்தும் செலவுக்கே காணாது. ஆகவே அடுத்த மாதம் முதல் காலை வண்டி அங்கே நிற்காது.

"தேவை சரிஞ்சிருச்சாம்."

விடிந்தால் இருநூறு பேர் நிற்கிறார்கள் என்றார். அவர்களில் ஒருத்தியான செல்லத்தாய்க்கு வாரம் இரண்டு முறை பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். பேருந்துக்கு ஐந்து மடங்கு காசு. அந்த இருநூறு பேரும் மனிதர்களாகத் தெரியவில்லையா, நட்டு வைத்த கம்பங்களா என்று கேட்டார்.

"இன்னைக்கு எத்தனை டிக்கெட் கொடுத்தீங்க, அண்ணாச்சி?"

"பதினொண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தச் சிறிய நிலையத்தில் கமிஷனுக்கு டிக்கெட் விற்பவர் அவர்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு வண்டியில் சாதாரணப் பெட்டிகள் ஆறு இருந்தன. இப்போது இரண்டு. முந்தின நிலையத்துக்காரர் தினமும் போனில் சொல்லிவிடுவார், இன்று வாசலில் இன்னும் பத்துப் பேர் தொங்கலாம், பன்னிரண்டு பேர் தொங்கலாம் என்று. அத்தனை டிக்கெட்தான் இசக்கிமுத்து விற்பார். மற்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். கொடுத்த டிக்கெட்டைத் திரும்ப வாங்க அவருக்கு அதிகாரமில்லை.

"ஏற முடியாதவங்ககிட்டக் காசு வாங்கினா சோறு செரிக்குமா?"

"அப்போ கடிதத்தில் பொய் இல்லை."

அவர் முகம் கறுத்தது. மூன்று வருஷமாக ஒருவரையும் ஏமாற்றாமல் இருந்ததற்கு இதுதான் கூலியா, குற்றம் என் தலையிலா என்று சீறினார். அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

அவர் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

மறுநாள் காலை. போன் வந்தது, ஒன்பது பேர். ஒன்பது டிக்கெட்டும் தீர்ந்தன. ஜன்னலை மூடப் போனபோது ஒரு கை தடுத்தது.

ஆவுடையம்மை.

"ஒரு டிக்கெட்."

"வண்டியில இடமில்லை, அம்மா."

"தெரியும்."

"காசு வீணாப் போகும். திருப்பித் தர என்னால முடியாது."

"அதுவும் தெரியும்."

"பிறகு எதுக்கு?"

"நான் இடம் கேட்கலை, அண்ணாச்சி. போகணும்னு சொல்றேன்."

அவள் தோளுக்கு மேலே இன்னொரு கை நீண்டது. விரல்கள் வீங்கியிருந்தன. செல்லத்தாய்.

"எனக்கும் ஒண்ணு. மூணு வருஷமா பஸ்ஸுக்காரனுக்குக் காசு அழுதேன், அதை யாரு எழுதி வச்சா?"

அவளுக்குப் பின்னால் வரிசை நகர்ந்து நெருங்கியது.

இசக்கிமுத்து புதிய டிக்கெட் கட்டு ஒன்றை எடுத்தார். கட்டியிருந்த நூலைப் பல்லால் அறுத்தார்.