வெந்நீர் அடுப்புக்குப் போன ஆணை

எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விசயநம்பி என்றொரு ராஜா இருந்தார். ஒருநாள் காலையில் அவருக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. "இனி இந்த அரண்மனையில் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையக் கூடாது" என்றார். கடை வைத்து நாலு பேரை வேலைக்கு வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் காது கொடுக்கலாம்.

அந்த ஆசையை ஊதிப் பெரிதாக்கியவர் பிரதானி அனந்தமூர்த்தி. விகடகவி சடையாண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ராஜா அவனோடுதான் சிரித்துப் பேசுகிறார் என்ற வயிற்றெரிச்சல்.

"அரசே, ஆணையைக் காக்கும் பொறுப்பைச் சடையாண்டியிடமே ஒப்படையுங்கள். எவராவது கேட்காமல் ஒரு வேலை செய்தால், சடையாண்டி இந்தச் சபையை விட்டே போகட்டும்" என்றார். ராஜாவும் ஓலையில் எழுதி முத்திரை வைத்துவிட்டார்.

சடையாண்டிக்குப் பகீரென்றது. அரண்மனையில் நூறு பேர் நூறு வேலையைக் கேட்காமல்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கைத்திறனில் அவனுக்குத் தனிப் பெருமையே உண்டு. பேச்சிமுத்துவையே எடுத்துக்கொள்ளுங்களேன். இருபது வருஷமாக ராஜாவின் எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் போடுகிறவர். முழங்கையால் நீரைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். ஒருநாள்கூட ராஜா "சுடுகிறது" என்றதில்லை. அப்படிப்பட்ட மனுஷனை ஒவ்வொன்றுக்கும் போய்க் கேள் என்றால் சடையாண்டிக்குக் கோபம் வராதா?

"ஆணையை எழுத்துப் பிசகாமல் காப்பேன், அரசே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, வேலைக்காரர்கள் எல்லோரையும் கூட்டினான். "எதையும் ராஜாவைக் கேட்டே செய்யுங்கள். எதையும்!"

மறுநாள் சபையில் சமையல்காரர் வந்து நின்றார். "அரசே, கடுகு தாளிக்கலாமா?"

அவர் நகர்வதற்குள் யானைப்பாகன். "பட்டத்து யானை லத்தி போட்டிருக்கிறது, அரசே. அள்ளட்டுமா?"

பின்னால் வரிசை கோட்டை வாசல்வரை நீண்டது. "பார்த்தீர்களா அரசே, எவ்வளவு கட்டுப்பாடு!" என்று பிரதானி பூரித்துப்போனார். ராஜாவுக்கு மதியச் சாப்பாடு சாயங்காலம்தான் வந்தது.

சனிக்கிழமையும் வந்தது. தலை நிறைய எண்ணெய், அதன்மேல் சீயக்காய். தேய்க்கும்போது கரைசல் ராஜாவின் கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

"ஐயோ, தண்ணீர்!"

"எந்த அண்டாவிலிருந்து, அரசே?" என்றார் பேச்சிமுத்து, சொம்பைப் பிடித்தபடி.

"ஏதோ ஒன்று! ஊற்று!"

"எத்தனை சொம்பு, அரசே? தலையிலா, முகத்திலா?"

"சடையாண்டி!" என்று ராஜா அலறினார்.

கதவுக்கு வெளியே நின்றவன், "உள்ளே வரலாமா, அரசே?" என்றான்.

"வந்து தொலை! இவனுக்குப் பைத்தியமா?"

"இல்லை அரசே. இருபது வருஷமாக இவர் தங்களை ஒன்றுமே கேட்டதில்லை. தங்களுக்கு எந்தச் சூடு பிடிக்கும் என்று தங்களைவிட இவர் முழங்கைக்கு நன்றாகத் தெரியும். இப்படி நூறு பேர் தங்களுக்கு வாய்த்திருக்கிறார்கள். வேறு எந்த ராஜாவுக்கு இந்தக் கொடுப்பினை? அவர்கள் கையைக் கட்டிப்போட்டது அந்த ஓலைதான்."

ராஜா எரியும் கண்ணைக் கசக்கினார். பிறகு, "பேச்சிமுத்து, உன் இஷ்டப்படி ஊற்றப்பா" என்றார்.

பதமான வெந்நீர் விழுந்தது. எரிச்சல் போனது. கண்ணைத் திறந்த ராஜாவுக்குத் தன் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு முத்துமாலைகளை வரவழைத்து, சடையாண்டிக்கு ஒன்றும் பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் போட்டார்.

"வேறென்ன வேண்டும், சடையாண்டி?"

"அந்த ஓலை வேண்டும், அரசே. வெந்நீர் அடுப்பு அணையப் பார்க்கிறது."

ராஜா பிரதானியை வரச்சொன்னார். "உமது யோசனைதானே? உமது கையாலேயே அடுப்பில் வையும்."

அனந்தமூர்த்தி ஓலையோடு குனிந்தார். தயங்கினார். ராஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அரசே, இதை எந்தப் பக்கமாக வைப்பது?"

ராஜா சிரித்த சிரிப்பில் அண்டாத் தண்ணீரே குலுங்கியது. பேச்சிமுத்து யாரையும் கேட்கவில்லை. ஓலையை வாங்கி அடுப்பில் செருகிவிட்டு, முழங்கையால் வெந்நீரைத் தொட்டுப் பார்த்தார்.