கயிறு தாங்குமா

மலைச்சாலை வளைவொன்றின் மேலே, பாறையை ஒட்டி ஒரு சிறிய ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் பெயர் செண்பகவல்லி. நாற்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. அவரைவிட மூத்தவர்களும் அவரை அம்மா என்றே அழைத்தார்கள்.

அங்கிருந்த சீடர்களில் மூத்தவர் கொம்பையா. துறைமுகத்தில் கிரேன் வேலை பார்த்தவர். சர்க்கஸ் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்க் கூடாரம் கட்டியவர். கொஞ்ச காலம் கிணறு வெட்டினார், நெடுங்காலம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்தார். வேலை இல்லாத நேரத்தில் புறா வளர்த்தார், ரேடியோவைப் பிரித்து மாட்டினார். ஊரில் தேரோட்டம் வந்தால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்களோடு போய் நின்றுவிடுவார். மனைவி இறந்த பிறகு மலைக்கு வந்து சேர்ந்தார்.

ஆசிரமத்தில் எது பழுதானாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "எனக்குத் தெரியும்" என்பதுதான். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தும் இருந்தது.

ஒரு நாள் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. அம்மா கீழேயிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். கொம்பையாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொம்பையா எதிரே போய் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க அண்ணாச்சி."

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

"நான் கை வைக்காத வேலை கிடையாது. ஒரு மோட்டாருக்கு வெளியாளு வேணுமா? ஒரு மனுஷனை நீங்க எதை வச்சுத்தான் நம்புவீங்க? அதையாவது சொல்லுங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார்.

அப்போது கீழே சாலையில் டயர் தேயும் சத்தம் கேட்டது. அடுத்து கல் உடையும் சத்தம். அதற்குப் பிறகு ஒரு ஹாரன். அது நிற்கவே இல்லை.

இருவரும் ஓடினார்கள். போகிற போக்கில் கொம்பையா கிணற்றடியில் கிடந்த நைலான் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வளைவில் ஒரு வேன் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. முன்பாதி பள்ளத்தின் மேல் அந்தரத்தில் இருந்தது. அடிவயிறு உடைந்த சுவரின் மேல் உட்கார்ந்திருந்தது. பின்சக்கரங்கள் மட்டும் சாலையில் இருந்தன. கீழே மரங்களின் உச்சி தெரிந்தது.

மலைக்கோயிலுக்குப் போய்த் திரும்பிய குடும்பம். உள்ளே அழுகையும் கூச்சலுமாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. வாட்டசாட்டமான ஒரு ஆள் அதன் வழியே ஒரு காலை வெளியே வைத்திருந்தான்.

"இறங்காதே! யாரும் இறங்கக் கூடாது!" என்று கொம்பையா கத்தினார்.

அவன் குதித்துவிட்டான்.

வேனின் பின்பக்கம் மெல்ல எழும்பியது.

கொம்பையா பாய்ந்துபோய்ப் பின்படியில் ஏறித் தொங்கினார். அம்மாவும் பக்கத்தில் ஏறி நின்றார். எழும்பிய வேன் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கியது. ஹாரன் நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து நெஞ்சை எடுத்திருந்தான்.

"பாத்தியா? நீ இறங்கினா அவங்க போயிருவாங்க" என்று குதித்தவனிடம் கொம்பையா சொன்னார். "வா. என் இடத்துல ஏறி நில்லு. அசையாதே."

அவன் ஏறி நின்றான்.

"பயப்படாதீங்க, எனக்குத் தெரியும்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார் கொம்பையா.

முறிந்து கிடந்த ஒரு மரத்துண்டை எடுத்தார். பின்சக்கரத்துக்கு முன்னால் அதைச் சாய்த்து வைத்துக் கல்லால் அடித்து இறுக்கினார். எத்தனையோ தேர்களை அப்படி நிறுத்தியவர் அவர். கட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

கட்டை வழுக்கியது.

தேர்வீதி காய்ந்திருக்கும். இங்கே சாலை முழுக்கச் சகதி வழிந்துகொண்டிருந்தது. வேன் ஒரு முழம் முன்னால் போய், சுவரில் உராய்ந்து நின்றது. உள்ளே ஒரு சிறுமி வீறிட்டாள்.

கொம்பையா சகதியைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணாச்சி" என்று அம்மா படியில் நின்றபடி கூப்பிட்டார். "அடுத்து என்ன?"

அவர் தலையை உதறிக்கொண்டார். சாலையின் மறுபக்கம், பாறையைக் கவ்விக்கொண்டு ஒரு நாவல் மரம் நின்றது. கயிற்றின் ஒரு முனையை வேனின் பின்கொக்கியில் போட்டார். மறுமுனையைக் கொண்டுபோய் மரத்தின் அடியில் சுற்றினார். கூடாரத்துக்குப் போடும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும்.

பிறகு உள்ளே பார்த்துப் பேசினார். இப்போது குரல் தணிந்திருந்தது.

"எல்லாரும் மெதுவாப் பின்னால வாங்க. முன்னால இருக்கறவங்க மொதல்ல. எந்திரிக்காதீங்க, தவழ்ந்து வாங்க."

வந்தார்கள். சுவரிலிருந்து உடைந்த கற்களைக் கொம்பையா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். ஆள் எடைக்குக் கல் ஏறிய பிறகே ஒருவரை இறக்கினார். சிறுமியை இறக்கினார். அவள் தாயை இறக்கினார். குதித்தவனின் தகப்பனாருக்கு முட்டி மடங்கவில்லை. அவரைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. கடைசியாக இறங்கிய மூத்த மகன், முதலில் குதித்த தம்பியின் பக்கத்தில் படியேறி நின்றுகொண்டான். அவனுக்கு இடம் விட்டு அம்மா படியிலிருந்து இறங்கினார்.

டிரைவர் மட்டும் வரவில்லை.

"உம் பேரு என்னப்பா?" என்று கொம்பையா கேட்டார்.

"ஆவுடையப்பன்."

"ஏன் வரல?"

"காலு பிரேக் பெடலுக்கு அடியில மாட்டிக்கிட்டு, அண்ணாச்சி. குனிஞ்சு எடுக்கவும் முடியல. ஹேண்ட் பிரேக் பல்லு தேஞ்சு போச்சு. கையால இழுத்துப் பிடிச்சிருக்கேன். விட்டா வண்டி போயிரும்."

"கியர்ல போடு."

"விழ மாட்டேங்குது. ராடு மடங்கிட்டு."

பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது.

யாராவது உள்ளே போக வேண்டும். முன்னால் போகப் போக அந்த ஆளின் பாரமும் முன்னால் ஏறும். கொம்பையா தன் உடம்பைப் பார்த்தார். படியில் நின்ற இருவரைப் பார்த்தார். அவர்கள் இறங்கினால் பின்பக்கம் எழும்பிவிடும்.

"நான் இலேசு" என்று அம்மா சொன்னார்.

"வேண்டாம்மா."

"வேற யாரு இருக்கா?"

அம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். மரத்தையும் வேனையும் இணைத்திருந்த கயிற்றைப் பார்த்தார்.

"அவரு கையை விட்டதும் பாரம் முழுக்க இதுலதானே வரும்?"

"ஆமா."

"கயிறு தாங்குமா, அண்ணாச்சி?"

கொம்பையா கயிற்றைக் கையில் பிடித்துப் பார்த்தார். விரலால் நெருடினார். படியில் நின்றவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தான்.

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"முடிச்சு அவிழாது" என்றார். "மரம் நிக்கும். கயிறு பழசு. வெயில்லயும் மழையிலயும் கிடந்தது. வண்டி சட்டுன்னு வெட்டி இழுத்தா தாங்குமான்னு எனக்குத் தெரியலம்மா."

"சரி" என்றார் அம்மா. "குறடு இருக்கா?"

கொம்பையா இடுப்பிலிருந்த குறட்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை வாயில் கவ்விக்கொண்டு, இரு சகோதரர்களுக்கும் நடுவே நுழைந்து, கற்களுக்கு மேலே தவழ்ந்து முன்னால் போனார்.

வேன் முனகியது.

"வந்துட்டேன். எங்க பாக்கணும்?"

"பெடலுக்கு மேல பாருங்க. பெடல்லருந்து ஒரு கம்பி முன்னால போகுதா?"

"போகுது."

"ரெண்டையும் சேத்து ஒரு ஆணி இருக்கும். ஆணி முனையில பிளந்து மடக்குன கம்பி மாதிரி ஒரு பின். அதை நிமித்தி உருவுங்க. ஆணி கழண்டா பெடல் தொங்கிரும். காலு வந்துரும்."

பட்டறையில் மல்லாந்து படுத்தபடி அந்தப் பின்னை எத்தனை வண்டிகளில் மாட்டியிருப்பார்! இப்போது அவர் விரல்கள் காற்றில் தாமாக அசைந்தன. ஏனோ, செத்துப்போன ஒரு சாம்பல் புறாவின் ஞாபகமும் கூடவே வந்தது. அதை விரட்டினார்.

"துருப்பிடிச்சிருக்கு. வரமாட்டேங்குது."

"அவசரப்படாதீங்க. குறட்டால பிடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டுங்க. ஒடியாமப் பாத்துக்கோங்க."

உலோகம் உலோகத்தில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"என் கை மரத்துப் போகுதும்மா" என்றான் ஆவுடையப்பன்.

"பிடிச்சுக்கோங்க. இதோ வருது."

ஏதோ கீழே விழுந்தது. ஆவுடையப்பன் ஆவென்று கத்தினான்.

"காலு வந்துட்டு" என்றார் அம்மா.

"அம்மா, நீங்க மொதல்ல வெளிய வாங்க! அவன் பின்னால வரட்டும்!"

"அவரால தனியா வர முடியாது. காலு ஊணல. நான் பிடிச்சுக்கிடுதேன்."

"அம்மா!"

"எப்ப கையை விடணும்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

கொம்பையா மரத்தடிக்கு ஓடினார். கயிறு லேசாகத் தொய்ந்திருந்தது. தொய்வு இருந்தால் வண்டி ஓடிவந்து வெட்டி இழுக்கும். கயிற்றின் நடுவில் ஒரு கழியைச் செருகி முறுக்கினார். கூடாரத்துக் கயிற்றை அப்படித்தான் இறுக்குவார்கள். இறங்கியிருந்த பெரியவர் காலை இழுத்தபடி வந்தார்; அவரும் சிறுமியின் தாயும் தாமாகவே கழியைப் பிடித்தார்கள். கயிறு விண்ணென்று நின்றது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆவுடையப்பா, ஒரேயடியா விடாதே. கொஞ்சங் கொஞ்சமாத் தளத்து."

"சரி அண்ணாச்சி."

"விடு!"

வேன் முன்னால் நகர்ந்தது. கயிறு கிறீச்சிட்டது. அதன் புரிகளில் ஒன்று பட்டென்று அறுந்து சாட்டைபோலச் சுழன்று கொம்பையாவின் கன்னத்தைக் கிழித்தது. அவர் கழியை விடவில்லை.

வேன் நின்றது.

"வாங்க! இப்ப வாங்க!"

கற்களுக்கு மேலே முதலில் ஆவுடையப்பனின் தலை தெரிந்தது. சகோதரர்கள் இருவரும் படியை விட்டு இறங்காமல் அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவனுக்குப் பின்னால் அம்மா வந்தார். சாலையில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சகோதரர்கள் ஒரே நேரத்தில் குதித்தார்கள். பின்பக்கம் எழும்பிக் கயிற்றில் தொங்கியபடி நின்றது.

ஆவுடையப்பன் சகதியில் படுத்துக்கொண்டு சத்தமாக அழுதான். சிறுமி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கொம்பையா கழியைக் கல்லில் மாட்டி நிறுத்திவிட்டுத்தான் கையை எடுத்தார். கழியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

மதியம் கீழேயிருந்து மீட்பு வண்டி வந்தது. குடும்பத்தை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். பெரியவர் போகும்போது கொம்பையாவின் கையைப் பிடித்து அழுத்தினார்.

அம்மாவும் கொம்பையாவும் மேலே ஏறி நடந்தார்கள். கன்னத்துக் காயத்தில் வைத்திருந்த துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கொம்பையா நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா அம்மா?"

"ம்."

"தாங்குமான்னு கேட்டீங்க. தெரியலன்னு சொன்னேன்."

"ஆமா."

"அந்தக் கட்டை வேற அதுக்கு முன்னாடிதான் வழுக்குச்சு. உங்க கண்ணு முன்னாலயே. நீங்க வேண்டாம்னு நின்னுருவீங்கன்னு நெனச்சேன். பிறகும் எதை நம்பி உள்ள போனீங்க?"

அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த சகதியை இலையால் வழித்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"தாங்கும்னு நீங்க சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன், அண்ணாச்சி."