கேம் வருமுன் வந்த வேகம்

கோவைக் கணினிக் கண்காட்சியில் கருடா, வேங்கை என்று இரண்டு கிராபிக்ஸ் கார்டு கம்பெனிகள் எதிரெதிரே கடை போட்டிருந்தன. மறுநாள் வெளியாகப்போகும் ‘கடற்கோட்டை’ என்ற கேமுக்கு கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் யாருடையது முதலில் தயார் என்பதுதான் சண்டை.

“எங்க டிரைவர் போட்டா கடற்கோட்டை இருமடங்கு வேகம்!” என்று மைக்கில் முழங்கினார் கருடா மேனேஜர் ராகவேந்தர்.

அதே கடையில் வயர் மாட்டிக்கொண்டிருந்த கருடா ஊழியர் சுகந்தி நிமிர்ந்தாள். “வராத கேமை உங்க டிரைவர் எப்படிங்க சார் அடையாளம் கண்டுபிடிக்கும்?”

“சந்தேகமா? கேம் இல்லாமலே பொய்னு நிரூபி பாக்கலாம். முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

சுகந்தி கடைக் கம்ப்யூட்டரில் கிடந்த சீட்டாட்டத்தின் ஃபைலுக்குக் ‘கடற்கோட்டை’ என்று பெயர் மாற்றித் திறந்தாள். பெரிய திரையில் சீட்டுக்கட்டு விரிந்தது. அதன் மேலேயே டிரைவரின் அறிவிப்பு பளிச்சிட்டது: “கடற்கோட்டை இப்போது இருமடங்கு வேகத்தில்!”

“பேரை மட்டுந்தானுங்க பாக்குது,” என்றாள்.

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் எதிர்க்கடை வேங்கை மேனேஜர் ஜெரால்டு.

சுகந்தி அவர் பக்கம் திரும்பினாள். “உங்க கம்ப்யூட்டர்லயும் சீட்டாட்டம் இருக்குதுங்களா சார்?”

ஜெரால்டு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவசரமாகத் தன் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.