நிலா வெள்ளை

“எது உயர்ந்த வெள்ளை?” என்று கேட்டான் சேந்தன்.

அவன் முன்னால் மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றிலும் முத்து. ஒன்று பால் வெள்ளை. ஒன்று தாழை வெள்ளை, லேசாக மஞ்சள் ஓடியது. மூன்றாவது நிலா வெள்ளை. அதற்குள் எங்கோ நீலம் ஒளிந்திருந்தது.

அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் நப்பின்னை தட்டுகளை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளினாள்.

“மூன்று மாதமாகக் கேட்கிறேன், அம்மா.”

“இன்னும் பாருங்கள்.”

“பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.”

“எதைப் பார்க்கிறீர்கள்?”

“முத்தைத்தான். வேறு எதை?”

அவள் எழுந்து போய்விட்டாள்.

சேந்தனுக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்தேழு வருஷம் பொன்வேலை செய்தவன். பொன்னில் அவன் கைவைத்தால் யாரும் குறை சொன்னதில்லை. முத்து வைத்த நகைகள் மட்டும் திரும்பி வந்தன. என்னவோ சரியில்லை என்றார்கள். என்ன சரியில்லை என்று சொல்லத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் துறைமுகத்துக்கு வந்து நப்பின்னையிடம் சேர்ந்தான். நகைக்கு முத்துப் பொறுக்குவதில் அந்தக் கடற்கரையிலேயே பேர் எடுத்தவள் அவள். முப்பது வயதுகூட இருக்காது. ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஆனால் இந்த மௌனத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் அந்த நாட்டுத் தலைவனின் தாய் பெருந்தேவியிடமிருந்து ஆள் வந்தது. தலைவனுக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்கு ஒற்றை வட முத்துமாலை வேண்டும். நிலா வெள்ளை மட்டும்தான். ஐந்து தலைமுறையாக அந்த வீட்டு மருமகள்கள் அதைத்தான் அணிகிறார்கள்.

“நீங்களே பொறுக்கிக் கோத்துவிடுங்கள்” என்றாள் நப்பின்னை.

சேந்தன் பதினோரு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் உருட்டிப் பார்த்தான். அறுபத்தொரு முத்து தேறியது. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் கடவுளுக்கும் தெரியாது. அப்படி ஒரு ஒற்றுமை.

கோத்து முடித்து நீட்டினான். நப்பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“தவறில்லை.”

“நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டீர்களா?”

“தவறில்லை என்றேனே.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாலையோடு இரண்டு பேரும் தலைவன் வீட்டுக்குப் போனார்கள். மணப்பெண்ணை அதற்குள் அழைத்து வந்திருந்தார்கள். பெயர் அணிநங்கை. நல்ல கறுப்பு. மழையில் நனைந்த பாறை மாதிரி மினுமினுக்கிற கறுப்பு. பெரிய கண்கள். உள்ளே வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கூடத்தில் உறவுப் பெண்கள் கூடியிருந்தார்கள். மாலை கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒரு குறை சொல்ல முடியவில்லையே என்றார்கள். சேந்தனுக்கு நெஞ்சு நிறைந்தது.

பெருந்தேவி மாலையை வாங்கிப் பெண்ணின் கழுத்தில் போட்டாள்.



முத்துகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தன. பெண்ணின் முகத்தில் இருந்த மினுக்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல் இருந்தாள்.

“மாலையில் ஒன்றும் இல்லை” என்றாள் பெருந்தேவி. “பெண்ணின் நிறம்தான் இப்படி. அரிசி மாவையும் சந்தனத்தையும் குழைத்துக் கொண்டுவாருங்கள். கல்யாணம் வரை தினமும் பூசினால் சரியாகிவிடும்.”

கொண்டுவந்தார்கள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பூசினார்கள். முதலில் கன்னம். பிறகு நெற்றி. பிறகு கழுத்து. அணிநங்கை அசையவில்லை. இமையோரத்தில் நீர் நின்றது, விழவில்லை.

சேந்தன் நப்பின்னையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அவனுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

திறந்து பார்த்தான். தாழை வெள்ளை. எல்லாம் துளையிட்ட முத்துகள்.

கழுவாத மாவுக்கு அடியில் தெரிந்த பெண்ணின் நிறத்தையும் அந்த முத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்தான்.

“போதும், நிறுத்துங்கள்.”

பூசிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“தண்ணீர் கொண்டுவாருங்கள். அந்தக் குழந்தை முகம் கழுவட்டும்.”

“யாரைக் கேட்டுச் சொல்கிறாய்?” என்றாள் பெருந்தேவி.

“யாரையும் கேட்கவில்லை.”

பெண்ணின் முன்னால் போய்க் கையை நீட்டினான். அவள் மாலையைக் கழற்றிக் கொடுத்தாள். இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தான். ஒரே இழுப்பு. பதினோரு நாள் வேலை தரையில் சிதறி ஓடியது.

“பைத்தியமா உனக்கு? ஒரு குறையும் இல்லாத மாலை!”

“இருக்கிறது, அம்மா. நான் செய்தது. என் குறை எனக்குத் தெரியும்.”

“ஐந்து தலைமுறை வழக்கம் இது!”

“அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் நான் கோக்கவில்லை.”

“வெளியே போ!”

“அவர் கோக்கட்டும், அத்தை” என்றாள் அணிநங்கை.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

சேந்தன் தரையில் உட்கார்ந்து கோத்தான். முடிப்பதற்குள் முற்றத்து நிழல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. இந்த முறை ஒவ்வொரு முத்துக்கும் ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பெண்ணைப் பார்த்தான். இரண்டை எடுத்தான், ஒன்றைத் திருப்பி வைத்தான். பையில் நாலைந்து மிஞ்சின.

அணிநங்கை முகம் கழுவி வந்து தானே மாலையைப் போட்டுக்கொண்டாள். பூசிவிட்ட பெண்களில் ஒருத்தி தன்னை அறியாமல் “அடடா” என்றாள். பிறகு பெருந்தேவியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இதோடு வெளியே போனால் சனங்கள் என்ன சொல்வார்கள்?” என்றாள் பெருந்தேவி.

“தெரியவில்லை, அத்தை. போய்க் கேட்டு வருகிறேன்.”

விருந்தாளிகள் நிறைந்திருந்த முற்றத்தில், உச்சி வெயிலில், அவள் நிமிர்ந்து நடந்து போனாள்.

“நீங்கள் இரண்டு பேரும் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது” என்றாள் பெருந்தேவி.

மிதிக்கவில்லை. கடற்கரைச் சாலையில் வெகுதூரம் நடந்தார்கள். கருவாட்டுக் களம் தாண்டியதும் சேந்தன் நின்றான்.

“தெரிந்துதானே அந்தப் பையைக் கொண்டுவந்தீர்கள்?”

“ஆமாம்.”

“பெண் கறுப்பு என்று முன்பே தெரியும்?”

“தெரியும்.”

அவனுக்குக் கோபம் பொங்கியது. “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த அவமானம் இல்லையே. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்களே, நீங்கள் ஒரு ஆசிரியரா?”

மூன்று மாதத்தில் முதல் முறையாக அவள் அவனைக் கும்பிட்டாள்.

“இத்தனை நாள் முத்துக்காகக் கேட்டீர்கள். இன்றைக்கு அந்தப் பெண்ணுக்காக நீங்கள் கேட்டதுதான் கேள்வி” என்றாள்.