சேர்மன் எங்க ஏறுனாரு?

சீத்தாங்குளத்துக்காரன் எவனும் இந்தக் கதையச் சிரிக்காமச் சொல்ல மாட்டான். அங்க ஒரு குட்டி விமான நிலையம். ரன்வேல மேயிற மாட்ட வெரட்டுற வாட்ச்மேன்தான் நம்ம ஒச்சப்பன். அந்த எடத்த நகராட்சி எடுத்து பஸ் ஸ்டாண்டு கட்டப் போகுதாம். கட்டிட்டா ப்ளேனும் போச்சு, ஒச்சப்பன் பொழப்பும் போச்சு. கேஸு கோர்ட்டுக்கு வந்துருச்சு.

நகராட்சி சேர்மன் வைரவசுந்தரம் சாட்சிக் கூண்டுல ஏறி, மைக்கு இல்லாமலே மைக்குல பேசுற மாதிரி மொழங்குனாரு. "கனம் கோர்ட்டார் அவர்களே! அது வெறும் பொட்டல்! ஒரு ப்ளேனும் அங்கேருந்து பறந்ததே இல்ல!"

அடுத்து சாட்சி சொல்ல வந்த ஒச்சப்பன் ஜட்ஜப் பாத்துக் கும்புட்டாரு. "சேர்மன் பொய் சொல்லுவாரா சாமி? அப்ப, அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ப்ளேன்லருந்து பூ தூவுனேன்னு போஸ்டர் ஒட்டுனாரே, அதான் சும்மா போல. எவனோ கோபுரத்து மேல நின்னு கூடையக் கவுத்திருக்கான்."

சேர்மனுக்கு மீச துடிச்சுப் போச்சு. "யோவ்! எவன்யா கூடையக் கவுத்தது? நான்யா! நானே ப்ளேன்ல உக்காந்து என் கையால தூவுனேன்! ஊரே அண்ணாந்து பாத்துச்சு!"

"எங்க ஏறுனீங்க?"ன்னு ஜட்ஜு மெதுவாக் கேட்டாரு.

சேர்மன் தொண்டையக் கனைச்சாரு. "அது வந்து... அந்தப் பொட்டல்லதான்."

கோர்ட்டே குலுங்கிச் சிரிச்சுது. நகராட்சி அந்த நெலத்தத் தொடக் கூடாதுன்னு தீர்ப்பாச்சு.

வெளிய வந்த சேர்மன் பல்லக் கடிச்சாரு. "ஏன்யா, இத்தன பேரு முன்னால என்னைய இப்படி எறக்கி விட்டுட்டியே!"

"நான் எங்க தலைவரே எறக்குனேன்? ஏறுனதும் நீங்க, எறங்குனதும் நீங்க!"