மிச்சக் கட்டி

செங்கமலம் நேற்று வார்த்த தூணுக்குச் சாக்கு சுற்றி, பைப்பால் நனைத்துக்கொண்டிருந்தாள். கட்டுவது பிரசவ ஆஸ்பத்திரி. இன்று அதற்குக் கூரை வார்க்க வேண்டும். கலவை லாரி வெயிலில் மாட்டி, ரெண்டு மணி நேரம் பிந்தி வந்து வாசலில் நின்றது. கலவை இறுகிப் போயிருந்தது.

“மேஸ்திரி, ரெண்டு குடம் தண்ணி விட்டா இளகிடும்ங்கிறான் டிரைவர். விடவா?”

அருளப்பன் மேஸ்திரி லாரியைப் பார்த்தார். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும்போதும் அவர் வாயைத் திறக்காமல் செய்துதான் காட்டுவார்.

“பலம் பாக்குற சோதனைக்கட்டிக்குக் கலவை எடுத்தாச்சு மேஸ்திரி. இனி தண்ணி விட்டுப் பலம் குறைஞ்சாலும் யாருக்குத் தெரியப்போவுது?”

அவர் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

“அந்தக் காலத்துல சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணியில மாசக்கணக்கா புளிக்க வச்சாங்களாம். அப்புறம் சிமெண்டு வந்துச்சு. இப்ப கலந்தே வருது. இனிமே விரிசலைத் தானே மூடிக்கிற கான்கிரீட்டு வரப்போவுதாம், இன்ஜினியர் சொன்னாரு. அது வந்துட்டா நம்ம தப்பெல்லாம் தப்பா மேஸ்திரி?”

மேஸ்திரி கொட்டகைக்குள் போனார். சதுரமான ஒரு கான்கிரீட் கட்டியோடு வந்து அவள் கையில் வைத்தார். பைப்பைக் கீழே போட்டு வாங்கினாள். ஒரு வயசுப் பிள்ளை கனம்.

“ஒம்பது வருசத்துக்கு முந்தின லோடு. மூணு கட்டியை மெஷின்ல நசுக்கினாங்க. மூணும் பாஸ். இது மிச்சம்.”

“பாஸுன்னா நல்லதுதானே?”

“கட்டி எடுத்தது பன்னெண்டு மணிக்கு. தண்ணி விட்டது பன்னெண்டே காலுக்கு.”

“விட்டது யாரு?”

“நான்.”

கீழே கிடந்த பைப்பு அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

“கட்டடம்?”

“விழுந்துச்சு. பதினோரு பேரு செத்தாங்க. கோர்ட்டுல கட்டி பாஸானதைக் காட்டினாங்க. என் மேல குத்தமில்ல, வீட்டுக்குப் போன்னுட்டாங்க.”

கட்டியை மாற்றிப் பிடித்தாள்.

“இந்த லோடைத் திருப்பினா முதலாளி நம்மளை நாளைக்கு வர வேண்டாம்பாரு.”

“ஆமா.”

“அந்தத் தானா மூடிக்கிறது அன்னிக்கே வந்திருந்தா மேஸ்திரி? அந்தப் பதினோரு பேரும்...”

“அதுவும் லாரியிலதான் வரும், செங்கமலம். வெயில்ல நிக்கும். அன்னிக்கும் இந்தப் பைப்பு நம்ம கையில...”

“யக்கா!” வாசலிலிருந்து டிரைவர் கத்தினான். “பைப்பைக் கொண்டா!”

அவள் குனிந்து குழாயை மூடினாள். கட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். “அண்ணே, லோடைத் திருப்பி எடுத்துட்டுப் போ, இங்க...”